பாலைவன இரவும் பள்ளத்தாக்கின் காலையும்

முற்போக்கு எழுத்தாளர் மக்களின் துன்பத்தை மட்டுமே எழுதுகின்றனர், அவர்கள் படைக்கும் ஏழைக்குச் சிரிக்கவே தெரியாது என்பது எதிரணியினர் நீண்டகாலமாகச் சுமத்திவரும் குற்றச்சாட்டு. இதற்கு எம்மவர் கூறும் மறுமொழி பெரும்பாலும் இருவகையாக அமைந்துவிடுகின்றது. சிரிப்பதற்குச் சமுதாயம் இடந்தந்தால் அல்லவா எழுத்தாளனும் சிரிப்பான் என்று கேட்போர் ஒரு சாரார். கதையின் இறுதிப் பக்கத்திலே செங்கொடி ஒன்றை ஏற்றி, அதன்கீழ்ப் பாத்திரங்களை வரிசையாக நிறுத்திப் புன்னகைக்கச் செய்துவிட்டுக் கணக்குத் தீர்ந்தது என்று கருதுவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் தம்மை அறியாமலே குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டுவிடுகின்றனர் என்றே நாம் கருதுகின்றோம். துன்பம் ஒரு பெட்டி, மகிழ்ச்சி மற்றொரு பெட்டி. ஒன்றைப் பூட்டிய பின்னரே மற்றதைத் திறக்கலாம் என்னும் எண்ணம் இருவரிடத்தும் இருக்கின்றது. உழைக்கும் மக்களின் வாழ்க்கையிலே இப்பெட்டிகள் இவ்வாறு பிரிந்திருக்கின்றனவா என்பதை ஒரு நாவலின் துணைகொண்டு ஆராய விரும்புகின்றோம்.

ஜோன் ஸ்ரைன்பெக் 1939இல் வெளியிட்ட அந்நாவலை 'சினத்தின் முந்திரிகைகள்' என்று தமிழிற் சுட்டலாம். ஒக்லஹோமா மாநிலத்தில் நிலமிழந்த ஜோட் குடும்பம், பழைய ஹட்சன் மோட்டார் வண்டி ஒன்றை வெட்டி லொறியாக்கி, 66ஆம் இலக்க நெடுஞ்சாலை வழியாகக் கலிபோர்னியாவுக்குப் போவதே கதை. பாட்டன், பாட்டி, தாய், தந்தை, தந்தையின் சகோதரன், பிள்ளைகள், கருவுற்ற மகள், அவள் கணவன் எனக் குடும்பத்தவர் பன்னிருவர். மதபோதகத் தொழிலைக் கைவிட்ட கேஸியும் உடன்வரப் பதின்மூவர். எமது ஆசிரியர்களும் மாணவர்களும் இந்நூலைப் பெயரளவிலாவது அறிவர். ஆயினும், இவர்களை வீட்டைவிட்டுத் துரத்தியது எது என்பதிலே பலருக்குத் தெளிவில்லை. புழுதிப் புயல் என்று பாடநூல்கள் கூறிவிடும். புயல் மிகக் கடுமையாக வீசியது ஒக்லஹோமாவின் மேற்குக் கோடியிலே. ஜோட் குடும்பத்தின் ஊராகிய சலிசோ இருப்பதோ கிழக்கிலே. பருத்தி விலை வீழ்ந்தது; வங்கி நிலத்தை விழுங்கியது; விளைச்சலைக் குறைப்பதற்காக 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அரசாங்கம் நிலவுடைமையாளருக்குப் பணம் கொடுத்தது; அப்பணங்கொண்டு அவர்களிற் பலர் உழவு இயந்திரம் வாங்கிக் குத்தகைக்காரரை வெளியேற்றினர். காற்றின்மீது பழியைப் போடுவது வசதியானது. காற்றுக்கு எதிராக யாரும் வேலைநிறுத்தம் செய்வதில்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே அழுகைக்கும் உவகைக்கும் தனித்தனியே நிலைக்களன் கூறியுள்ளார். இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கினின்றும் அழுகை தோன்றும்; செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு ஆகிய நான்கினின்றும் உவகை தோன்றும். இந்த அளவுகோலை ஜோட் குடும்பத்தின்மீது வைத்துப் பார்க்குமிடத்து வியப்பான ஓர் உண்மை தென்படுகின்றது. அழுகையின் நான்கு நிலைக்களன்களும் அவர்களிடம் நிரம்ப உண்டு. வழியெங்கும் 'ஓக்கி' என்று இகழப்படுகின்றனர், இது இளிவு. முதல் நாளே நாயையும் அன்றிரவே பாட்டனையும் இழக்கின்றனர், இது இழவு. சொந்த நிலத்தில் நின்றவர் தெருவில் நிற்கும் நிலைக்குத் தாழ்ந்தமை அசைவு. வறுமையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. புறப்படும்போது அவர்கள் கையிலிருந்தது ஏறத்தாழ 150 டொலர். உவகையின் நிலைக்களன்களுள்ளே செல்வம் அவர்களிடம் அறவே இல்லை. ஆயினும் உவகை இருக்கின்றது. ஆற்றில் இறங்கிக் குளிக்கின்றனர்; ரூத்தி, வின்ஃபீல்ட் என்னும் இரு சிறுவரும் தண்ணீர் பீறிட்டு ஓடும் மலசலகூடத்தை முதன்முதலாகக் கண்டு, அதைத் தாமே உடைத்துவிட்டதாக நினைத்து நடுங்குகின்றனர். விளையாட்டு என்னும் ஒரே காலை ஊன்றி உவகை இந்நூல் முழுவதும் நொண்டி நொண்டி நடந்துவருகின்றது.

மற்றொரு பழந்தமிழ் மரபும் எமக்கு இங்கு நினைவுக்கு வருகின்றது. பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையோடு எதிரே வரும் பாணன் குடும்பத்துக்கு வழிகாட்டுவது ஆற்றுப்படை. ஜோட் குடும்பத்தின் கையில் இருப்பதும் ஓர் ஆற்றுப்படையே: ஆட்கள் தேவை, நல்ல சம்பளம் என்று அச்சிட்ட துண்டுப் பிரசுரம். ஆனால் வழியிலே எதிர்ப்படுபவனோ பரிசில் பெற்றவனல்லன். கலிபோர்னியாவிலிருந்து கந்தலோடு திரும்பும் ஒருவன் இவர்களின் நம்பிக்கையைக் கேட்டுச் சிரிக்கின்றான். எண்ணூறு பேர் வேண்டிய முதலாளி ஐயாயிரம் பிரசுரம் அச்சிடுகின்றான், அதை இருபதினாயிரம் பேர் பார்க்கின்றனர், வேலைக்கு ஆள் மிகுந்தால் கூலி வீழ்கின்றது என்று கணக்கு விளக்குகின்றான். அவனுடைய மனைவியும் இரு குழந்தைகளும் பட்டினியால் மாண்டனர். மரண விசாரணை அதிகாரி இருதயம் நின்றுவிட்டது என்று எழுதினாராம். அந்த மனிதனின் சிரிப்பு எவ்வகை மெய்ப்பாடு? நகையா, அழுகையா, வெகுளியா? ஸ்ரைன்பெக் அதற்குப் பெயரிடவில்லை. தேயிலைத் தூரிலே தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணி சொன்ன கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் மலையக மக்களுக்கு அச்சிரிப்பை விளக்கவேண்டியதில்லை.

இனி, இக்கட்டுரைக்கு மையமான கட்டத்துக்கு வருவோம். கொலராடோ ஆற்றங்கரையில் மூத்த மகன் நோவா குடும்பத்தைப் பிரிந்து போய்விடுகின்றான். எஞ்சியோர் மாலையிலே மொஹாவிப் பாலைவனத்துள் நுழைகின்றனர். பகல் வெய்யிலிலே பழைய லொறி தாங்காது. ஆதலின் இரவிலேயே கடந்துவிடவேண்டும். நோயுற்ற பாட்டி லொறியின்மேல் மெத்தையிற் கிடக்கின்றாள். அருகே தாய் படுத்திருக்கின்றாள். நள்ளிரவிலே டகெட் என்னுமிடத்தில், பயிர்நோய் பரவாமற் காக்கும் சோதனைச் சாவடியில் வண்டி நிறுத்தப்படுகின்றது. சாமான்களை இறக்கிக் காட்டும்படி அதிகாரி கேட்கின்றான். தாய் இறங்கி வந்து, கிழவிக்குக் கடும் நோய், உடனே வைத்தியரிடம் கொண்டுபோகவேண்டும் என்று மன்றாடுகின்றாள், ஏறத்தாழச் சண்டையிடுகின்றாள். அதிகாரி மின்விளக்கைக் கிழவியின் முகத்தில் அடித்துப் பார்த்துவிட்டு வண்டியைப் போகவிடுகின்றான். ஆனால் வைத்தியர் இருக்கும் ஊர் வந்தபோதோ, நிறுத்தவேண்டாம், போய்க்கொண்டே இருங்கள் என்கின்றாள் தாய்.

விடியும்போது மலைக்கணவாயைக் கடந்து வளைவொன்றிலே திரும்புகின்றனர். கீழே பள்ளத்தாக்கு. பழத்தோட்டங்கள், முந்திரிகைக் கொடிகள், மரநிரைகள், வீடுகள். அவர்கள் நூற்றுக்கணக்கான மைல்கள் கனவிலே கண்டுவந்த நாடு அது. தந்தை வாயடைத்து நிற்கின்றான். சிறுவர் இருவரும் வெட்கத்தோடு கிசுகிசுக்கின்றனர். இப்படி ஓர் அழகு உலகில் உண்டென்று யாரும் எண்ணியிருக்கவில்லை. தாயையும் பார்க்க அழைக்கின்றனர். உடல் விறைத்துப்போன நிலையில் அவள் இறங்கி வருகின்றாள், பார்க்கின்றாள், குடும்பம் வந்து சேர்ந்ததற்காக இறைவனுக்கு நன்றி சொல்கின்றாள், முழங்கால்கள் மடிய வண்டிப் படியில் அமர்ந்துவிடுகின்றாள். சொல்லாமல் இன்னும் சற்றுப் பொறுத்திருக்க முடிந்தால் நன்றாயிருக்குமே, எல்லாம் இனிதாகவே இருந்திருக்குமே என்று ஏங்குகின்றாள். பிறகு சொல்கின்றாள்: பாட்டி இறந்துவிட்டாள். எப்போது? சாவடியில் நிறுத்துவதற்கு முன்னரே. இரவு முழுவதும் அவள் பிணத்தின் அருகே படுத்திருந்தாள். மகன் அருகே வரும்போது தன்னைத் தொடவேண்டாம் என்கின்றாள், தொட்டால் உடைந்துபோவாளாம்.

இக்கட்டத்தைப் போற்றாத விமர்சகர் இலர். இன்பமும் துன்பமும் கலந்ததே மானிட வாழ்வு, அந்த நித்திய உண்மையை ஆசிரியர் காட்டிவிட்டார் என்று தூய இலக்கியவாதிகள் உருகுவர். நாம் வேறொரு வினாவை எழுப்புகின்றோம். இவையிரண்டும் ஏன் ஒரே காலைப்பொழுதில், ஒரே சாலை வளைவில் வந்து சேர்ந்தன? மானிட இயல்பு காரணமா? அவ்வாறாயின் வசதி படைத்த குடும்பம் ஒன்று இதே சாலையிற் பயணஞ் செய்வதாகக் கொள்வோம். கிழவி இறந்தால் அவர்கள் அருகிலுள்ள ஊரிலே நிற்பார்கள். சவ அடக்கம் செய்வோரை அழைப்பார்கள். உறவினருக்குத் தந்தி அடிப்பார்கள். அழவேண்டிய நாள்கள் அழுதுவிட்டு, இன்னொரு நாள், இன்னொரு மனத்தோடு பள்ளத்தாக்கின் அழகைக் காண வருவார்கள். துக்கத்துக்கு ஒரு காலமும் மகிழ்ச்சிக்கு ஒரு காலமும் ஒதுக்குவதற்குக் காலம் கைவசம் இருக்கவேண்டும். எமது ஊர்களில் எட்டுச்செலவும் அந்தியேட்டியும் துக்கத்துக்கு எல்லை வகுத்துக் கொடுக்கின்றன; அவற்றை ஒழுங்காகச் செய்வதற்கும் கையிற் காசும் வேலையிலிருந்து லீவும் வேண்டும் என்பதை அன்றாடக் கூலிக்காரன் அறிவான்.

பாட்டன் இறந்த இரவிலேயே ஆசிரியர் இதற்கான கணக்கைக் காட்டிவிடுகின்றார். முறைப்படி அடக்கஞ் செய்ய 40 டொலர், கையிலோ 150. சட்டத்தை மீறித் தெருவோரத்திலேயே குழிவெட்டி, கொலையென்று பிற்காலத்தில் யாரும் ஐயுறாதிருக்க, நடந்ததை எழுதிய தாளைப் போத்தலில் அடைத்துப் பிணத்தோடு புதைக்கின்றனர். மறுநாளே பயணம் தொடர்கின்றது. பாட்டியின் மரணத்தைத் தாய் மறைத்ததற்கும் காரணம் இதுவே. சாவடியிலே உண்மை தெரிந்தால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் வெய்யில் ஏறும், காசு கரையும், குடும்பம் பாலைவனத்தின் நடுவிலே சிதறும். கடைசியில் பாட்டிக்கு அவள் விரும்பிய சிறப்பான சவ அடக்கம் கிட்டவில்லை. அநாதைப் பிணங்களைப் போலக் கவுண்டி நிருவாகமே அவளைப் புதைத்தது.

எனவே அந்தக் காலையின் மகிழ்ச்சி இயற்கை கொடுத்த இலவசமன்று. ஒருத்தி இரவு முழுவதும் தனியே விலைகொடுத்து வாங்கியது. குடும்பத்தின் துக்கத்தை அவள் ஒருத்தியே பல மணி நேரம் சுமந்ததாற்றான் மற்றவர்கள் சில நிமிடமாவது முழுமையாக மகிழ முடிந்தது. எம்மவர்கள் கூலி உழைப்பையும் உபரிப் பெறுமதியையும் பற்றி மணிக்கணக்கில் உரையாற்றுவர்; இந்த உழைப்புக்கு அவர்களின் கணக்கேட்டிலே பத்தி இல்லை. (கூட்டம் முடிந்து அவர்கள் வீடு திரும்பும் வரை சோற்றை மூடிவைத்துக் காத்திருப்பவளும் அந்த ஏட்டில் இல்லை.) அவளது பலத்தைக் கண்டு குடும்பத்தவர் பெருமைப்படுவதாக ஸ்ரைன்பெக் எழுதவில்லை, சற்றே அஞ்சுவதாக எழுதுகின்றார். கேஸியும் அஞ்சுகின்றான். இவ்வளவு பெரிய தியாகம் தேவைப்படும் உலகத்தைக் கண்டு நியாயமாகத் தோன்றவேண்டிய அச்சம் அது.

இந்நூலில் மகிழ்ச்சி விலையோடு வருவது இங்கு மட்டுமன்று. வேறொரு குடும்பத்துத் தந்தை வழியோரக் கடையிலே 10 சதத்துக்குப் பாண் கேட்கின்றான். பாணின் விலை 15 சதம். கடைக்காரி முதலிலே கடுகடுத்தாலும் பின்னர் 10 சதத்துக்கே கொடுக்கின்றாள். அவனுடைய இரு சிறுவரும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் இனிப்பைப் பார்த்தபடி நிற்கின்றனர். ஒன்று ஐந்து சதமான இனிப்பை ஒரு சதத்துக்கு இரண்டு என்று சொல்லிவிடுகின்றாள் அவள். அங்கிருந்த லொறிச் சாரதிகள் அதைக் கண்டும் காணாதவர்போல் எழுந்து, உண்டதற்கு மிகையான காசை மேசையில் வைத்துப் போகின்றனர். பிரசாரம் ஒரு சொல்லும் இல்லை. தொழிலாளர் ஒருமைப்பாட்டைப் பற்றி ஆசிரியர் வேறு அத்தியாயங்களில் ஆற்றும் நீண்ட விரிவுரைகளைவிட இச்சிறு கட்டம் நிறை மிகுந்தது என்று நாம் துணிந்து கூறுவோம்.

நூலுக்குக் குறைகள் இல்லையா? உண்டு. கேஸியின் வாயிலிருந்து வரும் பெரிய ஆன்மா பற்றிய தத்துவம் பல இடங்களில் மேகமாய்க் கலைந்துவிடுகின்றது. தாயின் பாத்திரத்தை ஆசிரியர் சில வேளைகளில் பூமாதேவியாகவே உயர்த்திவிடுகின்றார். பெண்ணைத் தெய்வமாக்குவது அவளது சுமையைக் குறைக்காமல் இருப்பதற்கான பழைய உத்தி என்பதை நாம் மறத்தலாகாது. இவற்றினும் பெருங் குறை ஒன்றுண்டு. கலிபோர்னியாவை மெக்சிக்கரிடமிருந்து பறித்த வரலாற்றை நாவல் சொல்கின்றது. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கிலே 1930களில் உழைத்துக்கொண்டிருந்த மெக்சிக்கக் குடும்பம் ஒன்றையேனும் எம் கண்முன் நிறுத்தவில்லை. 1933இல் அங்கு நிகழ்ந்த பெரும் பருத்தி வேலைநிறுத்தத்திற் பங்குகொண்டோர் பெரும்பாலும் மெக்சிக்கரே. அதே ஆண்டுகளில் அவர்களிற் பெருந்தொகையினர், அமெரிக்கப் பிரசைகளாகப் பிறந்தோரும் உட்பட, எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டனர். அவர்களுடைய பயணம் எதிர்த்திசையில் நடந்தது. ஸ்ரைன்பெக் 1962இல் நொபெல் பரிசு பெற்றதையும், பின்னர் வியட்நாம் யுத்தத்தை ஆதரித்து எழுதியதையும் இங்கு சேர்த்துச் சொல்வோர் உளர். அது அம்மனிதரைப் பற்றிய தீர்ப்பு. பள்ளத்தாக்கின் காலையை அது மாற்றிவிடாது. 1939 ஆகஸ்டிலே இந்நூலைத் தன் நூலகங்களிலும் பாடசாலைகளிலும் தடைசெய்த கேர்ன் கவுண்டி, ஜோட் குடும்பம் மலைமேல் நின்று வியந்து பார்த்த அதே மண் என்பதையும் அத்தீர்ப்பு வழங்குவோர் அறிந்திருத்தல் நன்று.

ஜோன் ஃபோர்ட் 1940இல் இயக்கிய திரைப்படம், நாம் தொடக்கத்திற் கூறிய இரு பெட்டிகளின் கதைக்கு நல்ல சான்று. தாயாக நடித்த ஜேன் டார்வெல் ஒஸ்கார் பரிசு பெற்றார். அதற்கு அவர் முற்றிலும் தகுதியானவர். ஆனால் நாவலின் வரிசையைப் படம் மாற்றிவிட்டது. அரசாங்க முகாமின் ஒழுங்கும் நடனமும் நாவலில் நடுவில் வருகின்றன. அதன் பின்னரே வேலையின்மை, கேஸியின் கொலை, வெள்ளம், இறந்து பிறக்கும் குழந்தை. படத்திலோ முகாம் கடைசிக்கு நகர்த்தப்பட்டு, மக்களை யாராலும் அழிக்கமுடியாது என்ற கருத்துப்படத் தாய் பேசுவதோடு திரை விழுகின்றது. துன்பப் பெட்டி பூட்டப்பட்டது. நம்பிக்கைப் பெட்டி திறக்கப்பட்டது. பார்ப்போர் நிம்மதியோடு வீடு திரும்பலாம். செங்கொடி இல்லையே தவிர, உத்தி எமது இறுதிப்பக்க உத்திதான். நாவலின் முடிவோ வேறு. வெள்ளத்துக்குத் தப்பி ஒதுங்கிய கொட்டிலிலே, குழந்தையை இழந்த றோஸ் ஒவ் ஷாரன், பட்டினியாற் சாகக்கிடக்கும் அந்நிய மனிதன் ஒருவனுக்குத் தன் முலைப்பாலை ஊட்டுகின்றாள். அவள் உதட்டிலே மெல்லிய புன்னகை. அப்பால் ஊறியது இறந்த குழந்தைக்காக. துக்கமும் மகிழ்ச்சியும் இங்கே ஒரே உடலில் ஊறும் ஒரே பாலாகிவிடுகின்றன. இம்முடிவை மாற்றும்படி பதிப்பாளர் கேட்டபோது ஸ்ரைன்பெக் மறுத்துவிட்டார்.

எமது நாட்டிலும் இத்தகைய பயணம் ஒன்று நடந்தது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 மலையக மக்களை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குக் கோச்சி; அங்கிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல். 1984இல் கப்பல் நின்றுபோகும் வரை குடும்பங்கள் இவ்வழியாற் போய்க்கொண்டிருந்தன. அந்தக் கோச்சிக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. இப்பயணத்தைப் பற்றி நாம் படித்த கதைகளிற் பெரும்பாலானவை புகையிரத நிலைய மேடையிலேயே நின்றுவிடுகின்றன. கோச்சி நகர்கின்றது, மேடையில் நிற்பவர்கள் கதறுகின்றார்கள், கதை முடிகின்றது. அக்கதறல் உண்மை, அதை எழுதியவர்களுக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். ஆனால் கோச்சி அதன் பின்னர் நீண்ட நேரம் ஓடியது. பெட்டிக்குள்ளே சோற்றுப் பொட்டலம் அவிழ்ந்திருக்கும். மலையைத் தவிர வேறொன்றையும் கண்டிராத பிள்ளைகள் சமவெளியையும் வயலையும் பார்த்து யன்னலில் முண்டியடித்திருப்பார்கள். தலைமன்னாரிலே கடலைக் கண்டு கூவியிருப்பார்கள். பின்னால் விட்டுவந்த தாயின் முகமோ பிள்ளையின் புதைகுழியோ நெஞ்சை அடைக்க, அந்தக் கூச்சலை அடக்காமல், பிள்ளைக்குக் கடலைச் சுட்டிக்காட்டிய பெண்ணும் அப்பெட்டியில் இருந்திருப்பாள். பத்திரங்களைச் சேலைத் தலைப்பிலே முடிந்துகொண்டு அவள் கப்பலேறிய கதை எழுதப்படுவதற்காக நாம் காத்திருக்கின்றோம்.